கப்பல் கம்பெனியின் ஊதல்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டுக்கும் மேலாகிறது. இத்தனை காலம் ஒரு வரியும் எழுதாதிருந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். தங்களுக்கு எழுதத்தக்க செய்தி என்னிடம் இல்லை என்பதே காரணம். இன்று இருக்கிறது.

காலையில் கல்மண்டபத்துக் கடையைத் திறந்து, ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்ட வேளையில், கைப்பேசிக்கு ஒரு சிறு படம் வந்தது. கறுப்புத் திரையில் ஒற்றைக் கோடாய் அலை எழுகிறது. அந்த அலையே வளைந்து கப்பலாகிறது. கப்பலின் அடியில், நான் வரைந்த எழுத்துகளில், கம்பெனியின் பெயர் வந்து நிற்கிறது. அக்கா, அது நம் கப்பல் கம்பெனியின் புதிய சின்னம். நான் வரைந்த சின்னம். மெய்மறந்து நின்றதில் பல் மருத்துவர் ஒருவரின் பெயர்ப்பலகை இரண்டு முறை வெட்டுப்பட்டது, போகட்டும்.

அந்தப் பட நிறுவனத்திற்குக் கப்பல் கம்பெனி என்று பெயரிட்டது நம் ராயபுரம்தான். எந்தப் படமானாலும் முதலில் திரையில் ஒரு கப்பல் தோன்றும், நீண்டதோர் ஊதல் ஒலிக்கும், பிறகுதான் கதை. சுவரொட்டியைக் கண்டு, துறைமுகத்தில் வேலை தேடிய ஒருவர் நம் திரையரங்கில் தங்கள் டிக்கெட் கவுண்டருக்கே வந்துவிட்டது நினைவிருக்கிறதா?

“யம்மா, இந்தக் கப்பல் கம்பெனில ஆள் எடுக்குறாங்களாமே?”

“எடுக்குறாங்க நைனா. வில்லனுக்குத்தான் ஆள் வோணுமாம். உன் மூஞ்சி தோதா கீது, போய்ப் பாரு.”

அவரும் சிரித்துவிட்டு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்நாளில் நான் இடைவேளை விளம்பரங்களுக்குக் கண்ணாடி ஸ்லைடுகளில் எழுத்து எழுதிக் கொடுத்துவந்தேன். எனக்கு எழுத்துக்கலையைக் கற்பித்தவர் எவருமில்லை. திரையில் அந்தச் சின்னம் நிற்கும் சில நொடிகளில், அதன் எழுத்துகளின் வளைவைத் தொடையின்மேல் விரலால் வரைந்து வரைந்து கற்றுக்கொண்டேன். முதலில் தேறிய வளைவை ஒரு நகைக்கடை விளம்பரத்தில் பெருமையுடன் புகுத்தினேன். கண்டுபிடித்தவர் தாங்கள் ஒருவரே.

“நகைக்கடைக்கு இன்னாத்துக்குமே கப்பல் எழுத்து? வளையலு மெதக்குமா?”

டிக்கெட் கவுண்டரை மூடியதும் டார்ச்சுடன் வந்து கதவோரம் நிற்பீர்கள். கப்பல் வந்து போகும் வரை அசையமாட்டீர்கள். அது மறைந்ததும், தாமதமாக வருபவர்களைக் கவனிக்க வெளியே சென்றுவிடுவீர்கள். எத்தனையோ ஆண்டுகள் அத்திரையரங்கில் பணிபுரிந்து, ஒரு படத்தையும் முழுமையாகப் பார்க்காதவர் தாங்கள். படம் எப்படியிருக்கிறது என்று வரிசையில் எவரேனும் கேட்டால், “கப்பல் சோக்கா வந்துச்சு” என்பீர்கள். கேட்டவர்கள் அதை நம்பியே டிக்கெட் வாங்கினார்கள்.

கறுப்பு வெள்ளைக் காலத்துக் கப்பல் அட்டையில் செய்தது. உற்றுப் பார்த்தால் அதை இழுக்கும் நூலும் தெரியும். வண்ணம் வந்ததும் கப்பல் சிவந்தது, கடலோ சொட்டுநீலம் கரைத்ததுபோல் ஆயிற்று. “எண்ணூர்ல இந்தக் கலரு தண்ணி வந்தா கெமிக்கல் கம்பெனிக்காரன் மேல கேஸ் போடுவாங்க” என்றீர்கள். ஆயினும் ஊதல் இருந்தது. அடுத்து வந்ததே பொன்மயமான கப்பல்! கடலே இல்லை, அந்தரத்தில் சுழன்றது. ஊதலையும் எடுத்துவிட்டார்கள். கப்பல் சுழன்று நிற்பதற்கும் வயலின்கள் தொடங்குவதற்கும் இடையே வெறும் மௌனம்.

அதன் முதற்காட்சியில், அந்த மௌனத்தில், கதவோரத்திலிருந்து தாங்கள் ஊதினீர்கள். வாயால். அரங்கம் ஒருகணம் திகைத்தது. அடுத்த காட்சியில் முன்வரிசை சேர்ந்துகொண்டது. அந்த வாரத்திற்குள் அரங்கம் முழுவதும் ஊதியது: மீன்பிடித் துறைமுகத்தார், ஆலைத் தொழிலாளர், இடுப்பில் குழந்தையுடன் வந்த பெண்கள். மேலாளர் ஓடிவந்தார்.

“இன்னாக்கா இது கலீஜா? நீயே கத்தினு கீறியாமே?”

“கப்பல்னா ஊதும் சார். அவன் மறந்துட்டான், நாங்க ஊதுறோம். உனுக்கு இன்னா பேஜாரு?”

அன்று நான் மட்டும் ஊதவில்லை. பொது இடத்தில் குரலெழுப்புவது எனக்கு வராது. தாங்கள் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. என் பங்கையும் சேர்த்து ஊதுவதாகச் சொன்னீர்கள்.

பின்னர் கணினிக் கப்பல் வந்தது. உலக உருண்டையைச் சுற்றி, கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. இடைவெளியின்றி முரசு முழங்கியதால் ஊதுவதற்கு இடமே இல்லை. இறுதியாக எல்லாவற்றையும் சுருக்கி, வட்டத்துக்குள் ஒரு முக்கோணப் பாயை வைத்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் என் கைப்பேசியில் அதைப் பார்த்தீர்கள்.

“இன்னாமே இது, சமோசாவா?”

நான் அதை அப்படியே கம்பெனிக்கு எழுதினேன். “தங்கள் நிறுவனத்தின் மாண்புமிகு சின்னம் தற்போது சமோசாவை ஒத்திருப்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்” என்று தொடங்கி, நான் வரைந்த கப்பலையும் இணைத்து அனுப்பினேன். நிறுவனரின் பேத்திதான் இப்போது பொறுப்பில் இருக்கிறார். அவரே அழைத்தார். அரைமணி நேரம் சிரித்தார், பிறகு நேரில் வரச் சொன்னார்.

சென்ற மாதம் சென்றேன். கப்பலை ஏற்றுக்கொண்டார். ஒலியைப் பற்றித்தான் பேச்சு நீண்டது.

“ஹார்ன் சவுண்ட எந்த இடத்துல போடலாம், மேடம்?”

“போட வேண்டாம். அந்த இடத்தை மௌனமாக விடுங்கள்.”

“சவுண்ட் போச்சுன்னு ஆபரேட்டரத் திட்டுவாங்க.”

“திட்டமாட்டார்கள், அம்மா. ஊதுவார்கள்.”

தங்களைப் பற்றி அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: வரும் படத்திற்கு மட்டும் மௌனம் இருக்கும், அது வெளியாகும் வெள்ளிக்கிழமை முதற்காட்சிக்கு அவரே நம் திரையரங்கிற்கு வந்து அமர்வார், ஒருவரும் ஊதாவிட்டால் அடுத்த படத்திலிருந்து வயலின். நியாயமான நிபந்தனை. ஒப்புக்கொண்டேன்.

அக்கா, இனிதான் என் நிலைமை. நம் அரங்கம் இப்போது இரண்டு திரைகளாகிக் குளிரூட்டப்பட்டிருக்கிறது. வருவோரில் பலர் அன்று பிறக்கவே இல்லை. எவரேனும் தொடங்கினால் சேர்ந்துகொள்வார்கள். நம் மக்களை நான் அறிவேன். தொடங்குவதற்குத்தான் ஆள் இல்லை. நானே தொடங்க வேண்டும்.

பயிற்சியைத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் கடைக்குள் முயன்றபோது, பக்கத்து டீக்கடைக்காரர் தண்ணீர்ச் செம்புடன் ஓடிவந்து, “இன்னா மேடம், நெஞ்ச அடைக்குதா?” என்றார். நேற்று மாலை எர்ணாவூர் தாண்டிக் கடலோரமாகச் சென்றேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்திற்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாய் நின்றிருந்தன. “வயித்துலேர்ந்து வரணும்மே, தொண்டைலேர்ந்து வந்தா அது ஆடு” என்று ஒருமுறை தாங்கள் சொன்னதை நினைத்து, அடிவயிற்றிலிருந்து ஊதினேன். முன்னால் நின்ற லாரி பதிலுக்கு ஹாரன் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“யம்மா, வழி வோணுமா? நானே ரெண்டு மணி நேரமா நின்னுகினு கீறேன்.”

வழி வேண்டாம் என்று சொல்லி, இன்னொருமுறை ஊதினேன். அவரும் ஊதினார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஊதினார்கள். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இந்த வயதில் என் வயிற்றுக்குள் ஒரு கப்பல் இருக்கிறது. அது தாங்கள் ஏற்றிவிட்டுச் சென்றது.

ஒரே ஐயம் எஞ்சியிருக்கிறது. துறைக்குள் வரும் கப்பல் ஒருவிதமாகவும், புறப்படும் கப்பல் வேறுவிதமாகவும் ஊதுகிறது; நேற்று கடலோரம் நின்று கேட்டபோதுதான் புலப்பட்டது. தாங்கள் ஊதியது வருகிற கப்பலா, போகிற கப்பலா? வரும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

விரைவில் பதில் எழுதவும்.