ஆஸ்காவுக்கு அனுமதி இல்லை

6 அக்டோபர் 2008, திங்கள். பிஷ்கெக்.

இயக்குநர் ஜோல்தோஷ் மம்பேத்தொவிச் காலையில் கூப்பிட்டார். எங்கள் பாசன வடிவமைப்பு அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்பைப் பார்வையிட மாதக் கடைசியில் வெளிநாட்டு நன்கொடையாளர்கள் வருகிறார்களாம்.

"தலாய், நம்மகிட்ட அந்த நெருப்புச் சுவர் இருக்கா?"

"இருக்குங்க. ஃபயர்வால்."

"எந்தப் பக்கச் சுவரு?"

சுவர் இல்லை, என் அறையில் இருக்கும் பெட்டி என்றேன். "சரி, பக்கத்துல ஒரு தீயணைப்பான் மாட்டிடு. பாக்க நல்லாருக்கும்" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நான்கு மாடியிலும் எல்லோரும் நாள் முழுக்க ஆஸ்காவில் அரட்டை அடிக்கிறார்கள், நிறுத்த வேண்டும். பச்சைப் பூப் படம் போட்ட அந்த அரட்டை நிரலுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. இந்த ஊரில் அதை யாரும் சொல்வதில்லை. ஆஸ்கா என்றால்தான் தெரியும்.

7 அக்டோபர்

ஆணையை எழுதிக் கொடுத்தேன்:

'ஆஸ்காவுக்கு இன்று முதல் அலுவலகத்துக்குள் அனுமதி இல்லை. காரணங்கள்: வெளியாட்களுடன் ஓயாத பேச்சு; முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கோப்புகள் பெறுதல்; ஒரு வாசல் அடைபட்டால் இன்னொரு வாசல் வழியாக நுழையும் இயல்பு.'

என் நடை எனக்கே பிடித்திருந்தது. இயக்குநர் படிக்காமல் கையெழுத்திட்டார். விதிப்படி எல்லாப் பிரிவுக்கும் ஒரு நகல் போயிற்று.

8 அக்டோபர்

காலை ஒன்பதுக்கு ஃபயர்வாலில் அந்த நிரலின் வாசலை அடைத்தேன். பத்து மணிக்குள் அது வங்கி வேலைகளுக்காகத் திறந்திருக்கும் வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. எல்லோர் திரையிலும் பூ பச்சையாகவே இருக்கிறது; இணைப்பு அறுந்தால் சிவக்க வேண்டும். நான் எதை அடைத்தேன்?

9 அக்டோபர்

மின்வெட்டு. இரண்டு மணி நேரம் வலையமைப்பு முழுப் பாதுகாப்புடன் இருந்தது.

10 அக்டோபர், வெள்ளி

வாசலில் தகராறு. மொழிபெயர்ப்புப் பிரிவின் ஆசெலைக் காவலர் பெய்ஷென் உள்ளே விடவில்லை. இன்றோடு மூன்றாவது நாளாம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

"பட்டியல்ல உங்க பேர அடிச்சுட்டாங்கம்மா. நான் என்ன பண்ண?"

"பெய்ஷென் பைகே, அண்ணன்னு கூப்பிட்டு என் கையால குடுத்த பூர்சோக் பலகாரத்தப் போன வாரம்தான் தின்னீங்க."

"தின்னேன். ருசியாத்தான் இருந்துச்சு. ஆணைன்னு ஒண்ணு இருக்கே!"

அவர் காட்டிய தாள் நான் எழுதிய ஆணை. ஆசெலை இந்த அலுவலகம் முழுக்க ஆஸ்கா என்றுதான் கூப்பிடும். நானும் இரண்டு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன். எழுதும்போது எப்படித் தோன்றாமல் போயிற்று? தோன்றியிருக்க வேண்டாமா?

ஆசெல் தாளை வாங்கிப் படித்தாள். "ஒரு வாசல் அடைபட்டா இன்னொரு வாசலா நுழைவேனாம். யார் எழுதினது? நல்லா எழுதியிருக்கான்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன்?

13 அக்டோபர்

எல்லோருக்கும் அக்காவான ஊழியர் பிரிவுத் தலைவி பூபாய்ஷா எஜேயிடம் போனேன்.

"எஜே, அது ஆள் இல்ல. கம்ப்யூட்டர்ல ஓடுற நிரல்."

"வெளியாட்களோட ஓயாத பேச்சுன்னு போட்டிருக்கே. அவ புருஷன் ரஷ்யாவுல, த்யூமென்ல குழாய் பதிக்கிறான். தினம் அவனோட பேசுறா. எல்லாம் பொருந்துதே?"

"பொருந்தும். ஆனா அது நிரல், எஜே."

"நிரலுக்கு யாராவது ஆணை போடுவாங்களா? முப்பத்தொரு வருஷமா ஆணையப் பாத்துட்டிருக்கேன். ஆளுக்குத்தான் போடுவாங்க."

ஆசெலின் ஒப்பந்தம் 31ஆம் தேதி முடிகிறது. அன்றைக்கு அவள் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். பெயரைச் சேர்க்க ஆணையை ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்தால் நிரலுக்கும் அனுமதி வந்துவிடும். நன்கொடையாளர்கள் 30ஆம் தேதி வருகிறார்கள். தாளில் படம் வரைந்து பார்த்தேன். அம்புகள் எல்லாம் சுற்றிவந்து என்னையே காட்டின.

15 அக்டோபர்

இயக்குநரிடம் சொன்னேன்.

"நான் கையெழுத்துப் போட்ட ஆணை தப்புங்கறியா?"

"இல்லைங்க. ஆணை சரி."

"அப்போ ஆஸ்கா நின்னாச்சா?"

"ஒருத்தி நின்னுட்டா. இன்னொண்ணு நிக்கல."

"பாதி முடிஞ்சிருக்கு. மோசமில்ல" என்றார்.

17 அக்டோபர்

வங்கி வாசலையும் அடைத்தேன். நிரல் நின்றது. வங்கி வேலையும் நின்றது. திறந்தேன்.

21 அக்டோபர்

ஆசெல் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தலாய் பைகே, அத எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

விசாரிக்கிறேன் என்றேன்.

யாரை விசாரிப்பேன்?

24 அக்டோபர்

பூபாய்ஷா எஜே தானாகவே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"இங்க பாரு. ஆணை தப்பாகாது. எழுதினவன் தப்பாகலாம். தெருவுல பேசற பேர அரசாங்கத் தாள்ல எழுதிட்டேன்னு நீ விளக்கம் எழுதிக் குடு. ரத்து பண்ணாம அந்த ஒரு சொல்ல மட்டும் திருத்திக்கலாம்."

"அதுக்கப்புறம்?"

"விளக்கத்தை வாசல் பலகையில ஒட்டுவாங்க. உனக்கு ஒரு கண்டனக் குறிப்பு வரும். தலைய யாரும் வாங்கிட மாட்டாங்க."

இந்த வழி அவருக்கு 13ஆம் தேதியே தெரியாதா? கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் அதே கேள்வி வரும்.

27 அக்டோபர், திங்கள்

முதல் பிரதி: 'ஆணையில் ஒரு பிழை நேர்ந்துள்ளது.'

எஜே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நேர்ந்துச்சா? மழையா, தானா பெய்யறதுக்கு?"

ஏழாவது பிரதி: 'நான் பிழை செய்தேன்.' மூன்றே சொல். மாலையில் பலகையில் ஒட்டினார்கள். ஆணையில் ஆஸ்கா போய் நிரலின் முறையான பெயர் ஏறியது; ஆசெலின் பெயர் பட்டியலுக்குத் திரும்பியது.

28 அக்டோபர்

வாசலை விட்டுவிட்டு, நிரல் போய்ச் சேரும் முகவரிகளை ஃபயர்வாலில் அடைத்தேன். இரண்டு வாரத்துக்கு முன்பே தோன்றியிருக்கலாம். நான்கு மாடியிலும் பூ சிவந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் என் மேசைக்கு யாரும் வரவில்லை.

30 அக்டோபர்

நன்கொடையாளர்கள் வந்து போனார்கள். தீயணைப்பானைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

31 அக்டோபர், வெள்ளி

ஆசெலின் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. முழுப் பெயரில்.

மதியம் அவள் கணினியில் ஏதோ கோளாறு என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். கோளாறு ஒன்றும் இல்லை. திரையின் மூலையில் சிவப்புப் பூ. இனி கணவனோடு பேசுவதற்கு வேலை முடிந்து தபால் நிலையத்துத் தொலைபேசிக்குப் போக வேண்டும் என்றாள். ஆணையை எழுதியது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்."

"பலகையில பாத்தியா?"

"அன்னைக்கு வாசல்லயே பாத்துட்டேன். தாளோட அடியில, பொடி எழுத்துல, 'தயாரித்தவர்: தலாய்'னு இருந்துச்சே."

இருக்கும். விதிப்படி எல்லா ஆணையிலும் இருக்கும். நான்தான் தட்டச்சு செய்தேன்.

"அப்போ போன்ல ஏன் கேட்டே?"

"நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான்," என்றாள். "நான் மொழிபெயர்க்கிறவ, பைகே. கடைசி வரி வரைக்கும் படிப்பேன்."