நீலம் போட்ட வேட்டி

4.2.2007

வரன் வீட்டுக்குப் புது போட்டோ அனுப்பவேண்டும். வேங்கிக்கால் ஸ்டுடியோவில் ஊரார் முகத்தையெல்லாம் எடுக்கிற எனக்கு, என் முகம் ஒன்றுதான் தகராறு. போன வருடம் அம்மாவின் நச்சரிப்பில் கம்ப்யூட்டரில் நானே என்னை வெளுத்து அனுப்பினேன். பெண் பார்க்க வந்த பையனின் அம்மா, காபித் தட்டோடு நின்ற என்னிடமே கேட்டார்: "பொண்ணு உள்ள இருக்குதுங்களா?"

இப்போது நினைத்தாலும் அழுகை வருகிறது. இந்த முறை என் நிறம் என் நிறமாகவே போகணும்.

5.2.2007

ஸ்டுடியோ டிஜிட்டல் கேமரா வீட்டுக்கு வந்தது. வாசலில் எடுக்கலாம் என்றேன். "வெயில்ல கறுப்பா தெரிவடி கஸ்தூரி!" அம்மா விடவில்லை. கூடத்து டியூப்லைட்டில் டைமர் வைத்து எடுத்தேன். பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருக்கிறேன்.

6.2.2007

எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்கள் தாமாகச் சரியாகும். சுவரோ பச்சை டிஸ்டெம்பர். அப்பாவை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, பளிச்சென்ற அவர் வேட்டியைக் காட்டினேன்.

இப்போது மஞ்சள்!

"மஞ்சகாமாலைன்னு நெனச்சிக்குவாங்கடி!"

பத்து தடவை எடுத்தேன். பத்தும் மஞ்சள். கேமரா கெட்டுப்போச்சா, எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சா?

7.2.2007

கண்டுபிடிச்சிட்டேன்! கொல்லையில் அம்மா வேட்டி அலசிக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீரில் சொட்டு நீலம். நமக்குத்தான் அது வெள்ளை. கேமரா அந்த நீலத்தைப் போக்குகிறேன் என்று என்மேல் மஞ்சள் பூசியிருக்கிறது.

இந்த நாட்குறிப்பின் எழுதாத கடைசிப் பக்கத்தை டியூப்லைட்டில் காட்டிவிட்டு எடுத்தேன். வந்துவிட்டேன் — நானே. மாநிறம், நெற்றித் தழும்பு, எல்லாம்.

"நெறம் கொஞ்சம் கம்மியா தெரியுதே?"

"இருக்கிறதே அவ்ளோதாம்மா."

8.2.2007

அனுப்பியாச்சு. பயமாக இருக்கிறது.

25.2.2007

செங்கத்திலிருந்து வந்தார்கள். பையன் பெயர் மாறன். காபித் தட்டோடு போய் நின்றேன். அவர் அம்மா கையில் என் போட்டோ. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"அப்படியே இருக்கியேம்மா!"

அடுப்படிக்குள் ஓடிவந்து அழுதேன். அம்மாதான் பதறிப்போனாள்.

9.9.2007

கல்யாணமாகி வந்த வீட்டில் துவைக்கும்போது அத்தை சொட்டு நீல பாட்டிலை நீட்டினார்.

"இந்த ஒரு வேட்டிக்கு மட்டும் வேணாங்கத்தை."

"ஏம்மா? நல்ல வேட்டியாச்சே!"

பல் துலக்கிக்கொண்டிருந்த மாறன் நுரை வாயோடு சொன்னார்: "வுடும்மா, அது அவ கேமராவோடது."