நாற்பத்தெட்டு நாமம்

இன்று காலை பிளம்பர் சமையலறைக் குழாயை அறுத்து வெளியே போட்டார். உள்சுவர் முழுக்க வெள்ளையாக உப்பு ஏறி, சுண்டு விரல் நுழையத்தான் வழி இருந்தது. "இதுல இத்தனை நாள் தண்ணி வந்ததே பெருசுங்க" என்றார். ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். உன்னிடம் காட்டவேண்டியது அது. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது.

நாத்தனார் என்றாலும் என்னைவிடப் பத்து வயது சின்னவள் நீ. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவுக்குச் சென்னையிலிருந்து கம்ப்யூட்டரோடு வந்தாய். "நம்ம வீட்டு டேங்க், குழாய், குழாயோட உள்சுவர் எல்லாம் இதுல வரையறேன் அண்ணி. தண்ணி எப்படி ஓடும்னு இதுவே சொல்லிடும். நெசத்தோட ஒத்து வந்துட்டா ஆபீஸ்ல இந்த மாதிரி கணக்குப் போடற வேலையை எனக்கே குடுத்துடுவாங்க." எனக்கு ஒருநாளும் ஆற்றித் தராத காபியை, அத்தை உன் மேஜைக்கே கொண்டுவந்து வைத்தார். பத்தாவதோடு நின்ற நான், கிடைத்த புத்தகத்தையெல்லாம் நானாகவே படித்தது யார் கண்ணிலும் பட்டதில்லை. வயிறு எரிந்தது.

திரையில் தண்ணீர் நீலமும் சிவப்புமாக ஓடியது. குடம் நிரம்ப நாற்பத்தெட்டு விநாடி என்றது. சமையலறையில் எண்பது ஆனது.

"அதுல ஜாஸ்தி வருதுன்னா அதுலயே குடத்தை வெச்சுப் பிடிச்சுக்கோ" என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு கேட்டாய்: "சுவரைப் புதுக் குழாய் மாதிரி வழவழன்னு குடுத்திருக்கேன். உள்ள ஏதாவது அடைச்சிருக்குமா அண்ணி? நீங்கதானே தினம் பிடிக்கறீங்க?"

"எனக்கென்னம்மா தெரியும். நான் படிக்காதவ."

தெரியும். குடம் நிரம்பும்வரை நமசிவாய சொல்லி எண்ணுவது என் வழக்கம், விநாடிக்கு ஒன்று. மாசப் பிறப்பன்று எண்ணிக்கையை நோட்டில் குறிப்பேன். வீடு கட்டின எண்பத்தொன்பதில், முதல் பக்கத்தில், நாற்பத்தெட்டு. அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி எண்பதுக்கு வந்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்டே வந்த கதை முழுக்க உன் முதுகுக்குப் பின்னால் சாமி அலமாரியில் இருந்தது. எடுத்துத் தரவில்லை.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. "என் கணக்கே தப்பு போல அண்ணி" என்று போனில் சொன்னாய். "விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அதற்கப்புறம் எத்தனை பௌர்ணமிக்கு உன்னோடு மலை சுற்றினேன். எட்டு லிங்கத்திடமும் சொன்னேன்; பக்கத்தில் நடந்த உன்னிடம் சொல்லவில்லை.

புதுக் குழாய் மாட்டியதும் அதே குடத்தை வைத்து எண்ணினேன். நாற்பத்தாறு. குடம் நசுங்கியிருக்கிறது, இரண்டு குறைந்தது அதனால்தான். குடத்தோடு நின்று எண்ணித்தான் எனக்குத் தெரிந்ததை, நீ உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கிறாய். அதில் இன்றும் எனக்குப் பொறாமைதான். ஆனாலும் நோட்டில், இன்றைய தேதிக்கு நேரே, எழுதிவிட்டேன்: அவள் கணக்கு சரி.