திங்கட்கிழமைக்குக் கீழே திங்கட்கிழமை

என்னங்க, இன்று காலை போடிமெட்டு ஜீப்பில் பக்கத்துச் சீட்டு அம்மா எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்தார். அந்த வாசத்தில் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. மலை வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களுக்காக உங்கள் ஜீப்பில் எப்போதும் பழம் வைத்திருப்பீர்கள். அதில் ஒன்றை எனக்கும் கொண்டுவந்து, "படிக்கிறப்ப தலை சுத்துனா மோந்துக்க" என்று கேலி செய்வீர்கள்.

சுற்றத்தான் செய்தது. ஆசிரியர் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன். தனிம வரிசை அட்டவணையை நான் மந்திரம் போல உருப்போட, சாப்பிட்டுக்கொண்டே கேட்டீர்கள்: "லித்தியத்துக்குக் கீழ சோடியம்ங்கிற. நடுவுல ஏழு பேரு இருக்காங்கள்ல, அவங்கள ஏன் தாண்டிப் போற?"

எரிச்சலோடு நிமிர்ந்தால் சுவரில் மாதக் காலண்டர். திங்கட்கிழமைக்குக் கீழே திங்கட்கிழமை. தேதி ஏறிக்கொண்டே போகிறது, கிழமை திரும்பத் திரும்ப வருகிறது. தனிமங்களும் அப்படித்தான். அணு எண் ஏற ஏற, குணம் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. சொன்னதும் நீங்கள் சோற்றை மறந்துவிட்டீர்கள்.

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"யாரோடயும் லேசுல சேராத வாயு. ஹீலியம், நியான்."

"அதான, அன்னைக்கு ஒரு லோடும் கெடைக்காது. மறுநா திங்க, எஸ்டேட்டுக்குப் போற சனம் தொட்டாலே சண்டைக்கு வரும்."

"அதுதான் சோடியம். தண்ணி பட்டாலே பத்திக்கும். கீழ போகப் போக இன்னும் வேகம்."

"மாசக் கடைசித் திங்க!" என்று சிரித்தீர்கள். இந்த அட்டவணையில் வாரத்துக்கு எட்டு நாள், கீழ் வரிசைகளில் வாரம் இன்னும் நீளும் என்றதும், "ஆத்தாடி, அந்த ஊர்ல ஜீப்பு ஓட்ட முடியாது" என்றீர்கள்.

மூன்றாம் முறை எழுதுவதற்குள் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு எல்லாக் கிழமையும் ஒன்றாகிப்போனது. புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனேன். ஒருநாள் ஜீப்பில் நான் பிடித்துவைத்த இடத்தில் ஒருவர் என் பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "எந்திரிங்கண்ணே! நான்ல மொத வந்தேன்!" என்று கத்தினேன். ஜீப்பே திரும்பிப் பார்த்தது. அப்புறம்தான் உறைத்தது, அன்று திங்கட்கிழமை. எனக்கும் கோபம் வருகிறது, அப்படியென்றால் பிழைத்துக்கொள்வேன். சாயங்காலமே புத்தகங்களை இறக்கினேன். மூன்றாம் முறை தேறிவிட்டேன்.

இன்று மலைமேல் பள்ளியில் என் முதல் வகுப்பு. கோபம் இன்னும் தீரவில்லை, அது உங்கள் மேல்தான். பாதி வழியில் என்னை உட்காரவைத்துவிட்டு இப்படி இறங்கிப்போகலாமா? அந்தக் கோபத்தையும் கூட்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.