கேப்டன் கூவிய சொல்

பிரிக்பீல்ட்ஸ்
30-11-1936

அன்புள்ள இராஜம்மாவுக்கு,

நலம். தையில் நமக்குக் கல்யாணம் என்று விடுதியில் தெரிந்துவிட்டது, கேலி தாங்கவில்லை.

ஓர் உதவி. கல்லூரி மலருக்கு எங்கள் கால்பந்து அணியின் இந்த ஆண்டு ஆட்டங்களைப் பற்றித் தமிழில் கட்டுரை வேண்டும். கேப்டன் என்பதால் என் பெயரில் வரும். எனக்கு எழுத வராது, நீதான் எழுதவேண்டும். குறிப்புகள் இத்துடன். இறுதி ஆட்டத்தை நீயே கிள்ளான் திடலில் பார்த்தாய். நோன்பு வைத்துக்கொண்டு கோலில் நின்ற யூனுஸ், சோர்வில் பந்தை விட்டதால் தோற்றோம் என்று முடித்துவிடு. நண்பன்தானே, கோபித்துக்கொள்ள மாட்டான்.

அன்பு அத்தான்,
வாசு

கிள்ளான்
4-12-1936

அன்புள்ள அத்தானுக்கு,

கட்டுரை இத்துடன். சிரம்பானில் மழைச் சேற்றில் வென்றது, காஜாங்கில் யூனுஸ் பெனால்டியைத் தடுத்தது எல்லாம் எழுதச் சந்தோஷமாகவே இருந்தது. கடைசி ஆட்டத்துக்கு வந்ததும் பேனா ஓடவில்லை.

அத்தையும் நானும் அன்று கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் நின்றோம். எதிரணிச் செந்தூல்காரர்கள் அடித்த பந்தைப் பிடிக்க யூனுஸ் குனிந்தார். நீங்கள் ஓடிவந்து "விடு, விடு" என்று கூவினீர்கள். அவர் கையை இழுத்துக்கொண்டார். பந்தை விலக்க நீங்கள் வீசிய கால் அதில் படவில்லை; அது கோலுக்குள் போனது.

"நோன்புக்காரனக் கோல்ல நிக்க வச்சா இப்படித்தான்லா" என்று வேலியோரம் ஒருவர் சிரித்தார். ஆட்டம் முடிந்ததும் அத்தை, "ஏம்பா விட்டுட்ட?" என்று யூனுஸிடம் கேட்டார்கள்.

"கேப்டன் விடுன்னாரும்மா. விட்டேன்."

வேறு யாரிடமும் அவர் இதைச் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அணியில் அவருக்கு இடமில்லை என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

நடந்ததை ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். யாருக்கும் நேரக்கூடிய தவறுதான். அந்த வரிக்குக் கீழே உங்கள் பெயர் வந்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

உங்கள்,
இராஜம்மா

பிரிக்பீல்ட்ஸ்
7-12-1936

இராஜம்மாவுக்கு,

கட்டுரை நன்றாக இருக்கிறது. அந்த வரி மட்டும் ஆகாது. ரயில்வே உத்தியோகத்துக்கு என்னைச் சிபாரிசு செய்யப்போகிற துரை, மலரை யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அன்று உன்னோடு நின்ற அம்மாவிடம் விசாரித்தேன். தன் காதில் ஒன்றும் விழவில்லை என்கிறாள். அந்த இரைச்சலில் நீ எதையோ தவறாகக் கேட்டிருக்கிறாய். யூனுஸுக்கு அவன் அப்பா கடை இருக்கிறது, பிழைத்துக்கொள்வான். நம் வாழ்க்கைக்காகத்தான் சொல்கிறேன். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரியை விடு.

வாசு

கிள்ளான்
10-12-1936

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று திடலில் கேட்ட அதே குரல். விட்டால் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று யூனுஸ் நம்பினார். பந்து உள்ளே போனபின் நீங்கள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கட்டுரை உங்களிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் அந்த வரியை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். என்னால் ஆகாது.

தையில் எந்த ஏற்பாடும் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அத்தானையே கேளுங்கள் என்றேன்.

அவரிடமும், நான் எதையோ தவறாகக் கேட்டுவிட்டதாகத்தான் சொல்வீர்கள்.

இராஜம்மா