பெயர் எழுதாத அச்சு

மரக்காணம்
9.2.2025

அன்புள்ள சனோபர் பாப்பாவுக்கு அம்சவள்ளி எழுதிக்கொள்வது.

நீ செய்து கொடுத்த மார்பைப் போட்டுக்கொண்டு நான்கு நாளாக உப்பளத்துக்குப் போகிறேன். கேன்சர் என்று வலது பக்கத்தை எடுத்ததிலிருந்து தலைக்கூடை சாய்ந்துகொண்டே இருந்தது. இப்போது நேராக நிற்கிறது. கூட உப்பு சுமக்கிற பிரியதர்ஷினி, "இன்னாக்கா, பழைய நடை வந்துடுச்சு" என்றாள். அவளிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். இதைச் செய்வதற்காக என் இடது மார்பில் பிளாஸ்டர் வைத்து அச்சு எடுத்தாயே, அதை உடைத்துவிடு. உங்கள் பட்டறை அலமாரியில் மற்ற பெண்களின் அச்செல்லாம் பெயர் எழுதி வரிசையாக இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள். என் உடம்பும் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. உடைத்துவிட்டு எழுது. போன் பண்ணாதே. வீட்டில் ஒரே போன், அதுவும் என் மகன் சுரேஷ் கையில்.

உன் அக்கா,
அம்சவள்ளி


இடையஞ்சாவடி
17.2.2025

அன்பு அக்காவுக்கு,

கூடை நேராக நிற்கிறது என்ற வரியை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அச்சை உடைத்துவிட்டேன். நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

உள்ளே கடற்பாசிக் கூழ், மேலே ரப்பர் பாலில் செய்த தோல். ஒரு வருடம் தாங்கும். குறை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் வீட்டுக்காரர் கலியபெருமாள் அண்ணனுக்கு என் சலாம்.

சனோபர்


மரக்காணம்
20.4.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு வருடமா? இரண்டே மாதத்தில், ஊறுகாய் ஜாடியில் கிடந்த எலுமிச்சம்பழம் மாதிரி சுருங்கிவிட்டது. நீ எதில் ஊற வைத்துப் பார்த்தாய்? குழாய்த் தண்ணீரில்தானே? எங்களுக்கு வேர்வையும் உப்பு, காற்றும் உப்பு. உப்பு தண்ணீரை இழுத்துவிடும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இவ்வளவு படித்துவிட்டு இதில் கோட்டை விட்டாயே.

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இன்னாடி, உன்னை மாதிரியே இதுவும் வத்திப்போச்சு" என்று சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்தது அன்றுதான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி அச்சு எடுக்க வேண்டுமே. ஆடியில் வருகிறேன்.

அம்சவள்ளி


இடையஞ்சாவடி
28.5.2025

அன்பு அக்காவுக்கு,

தப்பு என்னுடையதுதான். உங்கள் ஊர் உப்பை வாங்கி வந்து, கரைத்து, புதியதைப் பதினைந்து நாள் அதிலேயே ஊற வைத்தேன். உள்ளே இப்போது கூழ் இல்லை. ஆமணக்கு எண்ணெயில் செய்த மெத்தென்ற பொருள். இழுக்கத் தண்ணீரே கிடையாது. பார்சல் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

சனோபர்


மரக்காணம்
8.6.2025

சனோபருக்கு,

பார்சல் வந்தது. போட்டுப் பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது.

அச்சு இல்லாமல் எப்படிச் செய்தாய்? நான் எட்டாவதுதான் படித்தேன், ஆனாலும் இது புரியாமல் இல்லை. நீ உடைக்கவில்லை. உடைத்துவிட்டேன் என்று பொய் எழுதினாய்.

ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குத் தொட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானாக ரவிக்கையை அவிழ்த்தது உன் ஒருத்தியிடம்தான்.

அம்சவள்ளி


கீழ்புத்துப்பட்டு
16.6.2025

அக்கா,

பொய்தான். நான் முதலில் செய்வது எதுவும் ஒரே தடவையில் சரியாக வந்ததில்லை. அதை உங்களிடம் சொல்ல வெட்கம். அச்சு இருந்தால் உங்களுக்குத் தெரியாமலே திருத்திவிடலாம் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஒன்று மட்டும் நம்புங்கள். அது ஒரு நாள்கூட அந்த அலமாரியில் இருக்கவில்லை. பெயர் எழுதாமல், என் பழைய துப்பட்டாவில் சுற்றி, எங்கள் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஒரு வரி எழுதினால் உடைத்து, தூளைப் பார்சலில் அனுப்புகிறேன். நீங்கள் எழுதும்வரை நானாக எதுவும் செய்யமாட்டேன்.

சனோபர்


மரக்காணம்
29.9.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை. கோபம்தான். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். உன் மேல் கோபம் இருந்தாலும் நீ செய்ததைக் கழற்றி வைக்கவில்லை. சீசன் முழுக்கப் போட்டுக்கொண்டுதான் கூடை சுமந்தேன். சுருங்கவில்லை.

போன வாரம் செக்கப்புக்குப் போனேன். இடது பக்கமும் வந்திருக்கிறது. தீபாவளி முடிந்ததும் எடுக்கிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம், பயம் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் என் கையை விடவே இல்லை.

வலது போனபோது இடதைப் பார்த்துச் செய்தாய். இனி பார்த்துச் செய்ய என்னிடம் ஒன்றும் இருக்காது. உன் பீரோவில் இருப்பது ஒன்றுதான் மிச்சம்.

உடைக்காதே பாப்பா. என் பெயரையும் அதன் மேல் பெரிதாக எழுதி வை. வேறு யாருடையதோடாவது கலந்துவிடப் போகிறது.

கார்த்திகையில் வருகிறேன்.

உன் அக்கா,
அம்சவள்ளி