அந்த இடத்துக்கு யார்?

தலைமையகத்தையே கட்டி மேய்க்கும் என் மூத்தவளுக்கு, உன் அலுவலகக் கூடத்தில் அத்தனை பேர் நடுவில் நின்று "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்ட அப்பா எழுதுவது.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மானத்துக்குத்தான் லேசான சிராய்ப்பு. அம்மா நலம். உன் ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பாத்ரூம் சுத்தமாக இருக்கிறது என்றேன். ஒரு மாதிரி பார்த்தாள்.

பட்டாளம் என்றால் துப்பாக்கியும் பீரங்கியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவுதான் எட்டியது. வந்து பார்த்தால், தண்ணீர்க் குழாய், வண்டிக்கு டீசல், யாருக்கு எந்த அறை, எந்த முகாமுக்கு எத்தனை கம்பளி என்று நாள் முழுக்க நீ ஓடிக்கொண்டிருக்கிறாய். இத்தனையும் ஒரு தலைக்குள் எப்படி நிற்கிறது? கனவிலும் குழாய் வருமா? மீசை நரைத்த ஆட்கள் உனக்கு விறைப்பாக சல்யூட் அடிக்கும்போது சிரிப்பு வராதா? வாசலில் ஒருவர் அடித்தார், மரியாதை தெரிந்த மனுஷன் என்று நானும் திருப்பி அடித்தேன். என் பின்னால் வந்த அதிகாரிக்கு அடித்தாராம்.

எல்லாவற்றையும்விட மனதில் ஒட்டிக்கொண்டது அந்தச் சாயங்காலக் கூட்டம்தான். விடுப்போ இடமாற்றமோ வேண்டுமென்றால் உன் அறைக்குள் வந்து காதில் ஓதக் கூடாது, கூடத்தில் எல்லார் முன்னாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறாய். கேட்டவரிடம் நீயும் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்கிறாய்: "சரி, அந்த இடத்துக்கு யாரு?" இந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது? என் பக்கத்துச் சொத்தாக இருக்க வழியில்லை.

முன்பெல்லாம் சிபாரிசு உள்ளவன் ஊரோடு இருப்பான், இல்லாதவன் மலையிலேயே கிடப்பான் என்று டீ கொண்டுவந்தவர் சொன்னார். இந்தப் பொறுப்பைத் தற்காலிகமாகத்தான் உனக்குக் கொடுத்திருக்கிறார்களாம், அந்தத் தவணை இந்த மாதம் முடிகிறதாம். தளபதி உன்னையே அந்த நாற்காலியில் நிரந்தரமாக வைப்பாரா, வேறு ஆளைப் போடுவாரா என்பது இந்தக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதைப் பொறுத்ததாம். நீ என்னிடம் இதைச் சொல்லவே இல்லையே. தளபதி அன்றைக்குப் பின்னால் தூணோரம் கைகட்டி நின்றிருந்தார்.

டிரைவர் ஒருவர், மனைவிக்குப் பேறுகாலம், துணைக்கு ஆளில்லை என்றார். நீ உன் கேள்வியைக் கேட்டாய். அவர் விழித்தார். பின்னாலிருந்து இன்னொரு டிரைவர், "என் லீவை அவருக்குக் குடுத்துடுங்க மேடம், என் வீட்டுக்கு மாமியார் வந்திருக்காங்க" என்றார். கூடமே சிரித்தது, காரியமும் முடிந்தது. அடுத்து ஒரு மேஜர். மச்சினனுக்கு ஒரு இடமாற்றம் என்று ஆரம்பித்தவர் சுற்றிலும் பார்த்தார், தொண்டையைச் செருமினார், தன் அறையில் ஃபேன் ஓடவில்லை என்று முடித்துக்கொண்டார். சத்தமாகச் சிரித்த கிழவன் நான்தான். அடுத்தது என் முறை என்பது அப்புறம்தான் உறைத்தது.

நான் ஏன் வரிசையில் நின்றேன் என்று நீ இதுவரை கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி பனிமலைக் காவலுக்குப் போய் இது இரண்டாவது குளிர்காலம். போனில் பாதி பேச்சு, பாதி இருமல். அவனைக் கீழே இறக்கச் சொல்லி உன்னிடம் கேட்கத்தான் அம்மா என்னை அனுப்பினாள். உன் வீட்டில் சாப்பிடும்போதே கேட்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் கூடம், உன் அப்பனுக்கு மட்டும் பின்வாசலா என்று கூச்சமாக இருந்தது.

முப்பது வருஷம் பஸ்ஸில் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திய கண்டக்டர் தொண்டை இது. நீ யாரோ ஒருவரிடம் கேட்பது போல "உங்க விஷயம் சொல்லுங்க" என்றாய். தம்பி பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் உன் கேள்வி எனக்குள்ளேயே முந்திக்கொண்டது. இவன் இறங்கினால் இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏற வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு அப்பன் இருப்பான். அவனுக்கு வரிசையில் நிற்க இடம்கூடத் தெரியாது. அதனால்தான் பாத்ரூம்.

"இடது பக்கம், ரெண்டாவது கதவு" என்றாய், முகத்தில் ஒன்றும் காட்டாமல். நான் திரும்பி வரும்போது பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாய். பரீட்சைக்கு முன்னால் அப்படித்தான் செய்வாய். நான் எதைக் கேட்க வந்தேன் என்று உனக்குத் தெரிந்திருந்ததா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

தம்பிக்கு இருமல் மருந்தும் கம்பளிக் காலுறையும் அனுப்பிவிட்டேன். அவன் முறை வரும்போது இறங்கட்டும். இதைப் படித்துவிட்டு நீ ஒன்றும் செய்யாதே, செய்தால் உன் கூடத்துக்கே வந்து கத்துவேன். நாற்காலி உனக்குத்தான் நிலைக்கும். ஃபேன் விஷயத்தில் தளபதி மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் நன்றாக இருக்க வேண்டும், அவனும் நன்றாக இருக்க வேண்டும், மலையில் அவனோடு நிற்கிற பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடது பக்கம் ரெண்டாவது கதவு வரை போய்வந்த
அப்பா

பின்குறிப்பு: அம்மா அனுப்பினாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவள் அனுப்பவில்லை. "போய்ப் புள்ளைய சங்கடப்படுத்தாதீங்க" என்றுதான் சொன்னாள். கிளம்பியது நானாகத்தான். அன்றைக்குக் கூடத்தில் நான் விழுங்கியது தம்பி பெயரை மட்டும் இல்லை, அம்மாடி. எனக்குப் பயமா இருக்கு.